பதினொரு பிரேமில் அம்மா

1

விளையாட்டுப் பார்க்கும்போது உங்கள் கண் எங்கே நிற்கிறது?

பந்தில்தானே? பொய் சொல்லாதீர்கள். ஊரில் பள்ளிக்கூட மதிலில் ஏறியிருந்து மட்ச் பார்த்த காலத்தில் நானும் பந்தைத்தான் பார்த்தேன். பந்து போகிற பக்கம் தலை போகும், தலை போகிற பக்கம் வாய் போகும், "அடியடா!" என்று கத்துவோம். அவ்வளவுதான் எங்கள் ஞானம்.

லண்டனுக்கு வந்து ஐந்து வருடத்தில் நான் உருப்படியாகப் படித்தது பந்தைப் பார்க்காமல் இருப்பது. பல்கலைக்கழகம் இதைக் கற்றுத்தரவில்லை. அங்கே நான் படிப்பது சிவில் எஞ்சினியரிங். கொங்கிறீற் எப்போது வெடிக்கும் என்று கணக்குப் போடுகிற படிப்பு. இதைக் கற்றுத்தந்தது அமெரிக்கன் ஃபுட்போல்.

உடனே உதைபந்தாட்டம் என்று நினைக்காதீர்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான். தலையில் கம்பிக்கூடு வைத்த ஹெல்மெற், தோளில் தலையணை கட்டியது போல ஒரு கவசம், பக்கத்துக்குப் பதினொரு எருமைக்கடாக்கள். பந்து இரண்டு பக்கமும் கூர். ஆறு செக்கன் முட்டி மோதுவார்கள். பிறகு அரை நிமிடம் வட்டமாக நின்று குசுகுசுப்பார்கள். மறுபடி ஆறு செக்கன். ஞாயிறு பின்னேரம் ரீவியில் ஒரு மணித்தியாலம் காட்டுவார்கள். முதல் நாள் பார்த்துவிட்டுச் சித்தப்பா சொன்ன விமரிசனம்:

"இதென்னடா விளையாட்டு? கலியாணவீட்டிலை முதல் பந்திக்கு இடிபடுற மாதிரிக் கிடக்கு."

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் விளக்கு வைத்துக்கொண்டு பத்திரிகை வாசிக்கிற உங்களுக்கு வீடியோப் புராணம் எழுதுவது அநியாயம். தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது. பந்தைப் பார்க்காத அந்தப் பழக்கம் ஐந்து கிழமைக்கு முன்னால் என்னை ஓங்கி ஒரு அறை அறைந்தது. காது இன்னும் கூவிக்கொண்டிருக்கிறது.

2

நாங்கள் இருப்பது கோலியர்ஸ் வுட்டில், ஒன்றோடொன்று தோள் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அது சித்தப்பாவின் வீடு. அப்பாவின் ஒரே தம்பி. பெற்றோல் ஸ்ரேசனில் ஷிப்ட் வேலை. மிச்ச நேரம் பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். நான் இதை அடிக்கிற தமிழ் டைப்ரைட்டர் சங்கத்துடையது, வேகமாக அடித்தால் எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும், கண்டுகொள்ளாதீர்கள். சித்திக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. மகள் மயூரிக்குப் பதினாறு வயது. நாலு வயதில் வந்தவள். தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் வரும். எதையாவது ஒளிக்கும்போதுதான் தமிழ் கொஞ்சம் கூடும்.

சனிக்கிழமைகளில் டூட்டிங் பக்கம் ஒரு பூங்காவில் ஒரு ரீம் இந்த விளையாட்டைப் பழகுகிறது. பேக்கரிக்காரன், கட்டட வேலைக்காரன், மினிகாப் ஓட்டுகிறவன் என்று எல்லாரும் அமெச்சூர். நானும் போனேன். ஐம்பத்தேழு கிலோ. முதல் நாள் ஒருத்தன் சும்மாதான் தட்டினான், நான் நாலு யார் தூரம் தள்ளிப் போய் விழுந்தேன். கோச் டெரிக், காலையில் தபால் போடுகிற மனிதர், என்னைத் தூக்கி நிறுத்தித் தூசி தட்டினார்.

"உனக்கு மூளை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அடுத்த கிழமை அதை மட்டும் கொண்டு வா. உடம்பை வீட்டில் விடு."

அப்படித்தான் எனக்கு வீடியோ வேலை கிடைத்தது. ரீவியில் போகிற ஆட்டங்களைக் கசெற்றில் பிடிப்பேன். ஒரு ஆறு செக்கனை எடுத்து நாற்பது தரம் பார்ப்பேன். கொப்பியில் பந்து வைத்திருக்கிற பக்கத்துக்கு வட்டம், எதிர்ப்பக்கத்துக்குப் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி, யார் எங்கே ஓடினான் என்று அம்புக்குறி. மூன்று கொப்பி முடிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கொங்கிறீற்றுக்கு நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

விஷயம் இதுதான். பந்தைத் தொடாத தடியர் சிலர் முன்வரிசையில் நிற்பார்கள். அதில் இரண்டு பேருக்குக் 'கார்ட்' என்று பெயர், காவல்காரர். பந்து பொய் சொல்லும். இடப்பக்கம் போவதாகக் காட்டி வலப்பக்கம் போகும். ஆனால் கார்ட் தன் இடத்தை விட்டு எந்தப் பக்கம் ஓடுகிறானோ, பின்னால் அந்தப் பக்கம்தான் உண்மை வரும். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது.

இன்னொன்றும் நானாகக் கண்டுபிடித்தேன். பந்தை ஒருவன் வயிற்றில் வைப்பது போல வைத்து எடுத்துவிடுவார்கள். அவன் வெறுங்கையோடு, பந்து இருக்கிற மாதிரி ஓட வேண்டும். உண்மையாகப் பந்து உள்ளவன் சாதாரணமாகப் பிடித்துக்கொண்டு ஓடுவான். இல்லாதவன்தான் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் குனிந்து உயிரைக் கொடுத்து ஓடுவான். டெரிக்குக்குக் காட்டினேன். மூன்று தரம் பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பாராட்டுத்தான்.

மயூரிக்கு இதெல்லாம் பெரிய பகிடி.

"அண்ணா, அது ஒரே ஆள். நாப்பது தரம் விழுறான். லீவ் ஹிம் அலோன்."

3

அப்பா கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. அம்மாதான் எழுதுவார். இரண்டு பக்கமும் நிரம்பி, பிறகு ஓரத்தைச் சுற்றியும் எழுதுவார். கடைசியில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் மிஞ்சும். அதில் அப்பாவின் ஒரு வரி இருக்கும்.

"குளிருக்குக் காதை மூடு."

அடுத்த கடிதத்தில்: "பஸ்ஸில் கதவடியில் நிற்காதே."

இங்கே கதவு பூட்டுகிற பஸ் அப்பா, என்று நான் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: "பூட்டினாலும் நிற்காதே."

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் மனேச்சராக இருந்தவர். எதையும் ஒரு வரியில் முடித்துவிடுவார். நான் விமானம் ஏறியபோதும் அழவில்லை. "போய்ட்டு வா" என்றார்.

போன கார்த்திகையோடு அந்த வரி நின்றுபோனது. அப்பாவின் கண்ணாடி உடைந்துவிட்டது, இப்போது ஊரில் மாற்ற வழியில்லை என்று அம்மா எழுதியிருந்தார். சண்டையில் ஊரில் குளிக்கச் சவர்க்காரமே கிடைக்காதபோது கண்ணாடிக்கு எங்கே போவது? நம்பினேன். அந்தக் கடிதங்களில் அப்பாவைப் பற்றி அம்மா முன்பைவிட அதிகம் எழுதினார். அப்பா இன்றைக்கு முருங்கைக்காய்க் கறியோடு இரண்டாம் தரமும் சோறு கேட்டார். கிணற்றடி வாழை குலை போட்டதற்கு அப்பா முட்டுக் கொடுத்தார். அப்பா நேற்றுப் பின்னேரம் உன்னைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார். வாசிக்க நன்றாக இருந்தது.

தை மாதம் அக்காவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை நோர்வேயில். மூன்று கிழமை லீவில் கொழும்புக்கு வந்தார். அம்மாவும் அக்காவும் களப்பைப் படகில் கடந்து, பிறகு பஸ், லொறி என்று மாறி மாறி வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா வரவில்லை. வீட்டை வெறுமையாக விட்டால் யாராவது வந்து குந்திவிடுவார்கள், பிறகு எழுப்ப முடியாது. இது உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"வீடோ கலியாணமோ எண்டு கேட்டால் உன்ரை கொப்பர் வீடெண்டுறார்," என்று சித்தி சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான்.

நானும் போகவில்லை. என் அகதி விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் 'இப்போதைக்கு இருக்கலாம்' என்று ஒரு தாள் தருவார்கள். நாட்டுக்குத் திரும்பிப் போனால் தாளும் போய்விடும், படிப்பும் போய்விடும். போகாத குறைக்குக் கலியாண வீடியோ வந்தது, மூன்று மணித்தியாலம். இரண்டு தரம் பார்த்தேன். அக்கா மெலிந்திருந்தாள். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை பெரிது. அவ்வளவுதான் நான் கண்டது.

4

வைகாசி தொடக்கம். ஐந்து கிழமையில் கடைசி வருடச் சோதனை. சித்தப்பா புது வீடியோ மெசின் ஒன்று வாங்கி வந்திருந்தார். பழையதில் படத்தை நிறுத்தினால் நடுவே வெள்ளைக்கோடு குதிக்கும். இது நிறுத்தினால் போட்டோ மாதிரி நிற்கும். ஒரு பட்டனை அமத்த அமத்த ஒவ்வொரு பிரேமாக நகரும். செக்கனுக்கு இருபத்தைந்து பிரேம். எனக்கு வாயூறியது.

மத்தியானம். வீட்டில் யாரும் இல்லை. மெசினுக்குள் ஏற்கெனவே ஒரு கசெற் கிடந்தது. அக்காவின் கலியாணம். சித்தி சீலை பார்த்திருப்பார். ரீமின் கசெற்றைத் தேடி எடுக்க எனக்குப் பஞ்சியாக இருந்தது. பட்டன் வேலை செய்கிறதா என்று பார்க்க எதுவானால் என்ன?

தாரை வார்க்கிற இடம். அப்பாவுக்குப் பதிலாக மாமா, அம்மாவின் அண்ணன், அக்காவின் கையைப் பிடித்துக் கொடுக்கிறார். மாமி செம்பில் தண்ணீர் ஊற்றுகிறார். முன்பு பார்த்தபோது நான் அக்காவைத்தான் பார்த்தேன். அன்றைக்குக் கண் தன்பாட்டில் ஓரத்துக்குப் போனது. பழக்கதோஷம்.

மணவறைக்கு வலப்பக்கம் பெரியம்மா நிற்கிறார். அம்மாவின் அக்கா. நல்ல பருமன், மாம்பழக் கலர்ப் பட்டு. கமெரா மெல்ல வலப்பக்கம் திரும்புகிறது. பெரியம்மா இரண்டு அடி வலப்பக்கம் எடுத்து வைக்கிறார். கமெரா திரும்பி வருகிறது. பெரியம்மாவும் திரும்பி வருகிறார்.

"பெரியம்மா கார்ட்டுக்கு நல்ல ஆள்," என்று வாய்விட்டுச் சொன்னேன். சிரித்தேன். கொப்பியை எடுத்துப் பெரியம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டு அம்புக்குறி கீறினேன். விசர் வேலை.

கசெற்றை ஓட்டினேன். மாலை மாற்றுகிற இடத்திலும் அதே. அறுகரிசி போடுகிற இடத்திலும் அதே. கமெரா அந்தப் பக்கம் போனால் பெரியம்மாவும் போகிறார். மூன்றாவது அம்புக்குறியோடு என் சிரிப்பு நின்றுவிட்டது. கார்ட் சும்மா ஓடமாட்டான்.

ஒரேயொரு தரம் பெரியம்மா பிந்தினார். யாரோ ஒரு சின்னப்பிள்ளை சீலையைப் பிடித்து இழுக்க, குனிந்தார். பதினொரு பிரேம். அரைச் செக்கன்கூட இல்லை.

தூணோடு ஒரு பெண் நிற்கிறார். வெளிறிய நூல் சீலை. நெற்றியில் திருநீறு மட்டும். கழுத்து வெறுமை. சீலைத் தலைப்பைச் சுருட்டிக் கைக்குள் வைத்திருக்கிறார். சமையலுக்கு உதவ வந்த யாரோ என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஐந்தாவது பிரேமில் அவர் தலையை நிமிர்த்தினார்.

என் அம்மா.

ரிமோட் கையிலிருந்து நழுவி விழுந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. விழவில்லை. விரல் தன்பாட்டில் பட்டனை அமத்திக்கொண்டிருந்தது. முன்னுக்குப் பதினொன்று, பின்னுக்குப் பதினொன்று. அம்மாவின் நெற்றியில் பொட்டு எங்காவது ஒரு பிரேமில் இருக்கும் என்று தேடினேன். கழுத்தில் கொடி எங்காவது மின்னும் என்று தேடினேன். எனக்குத் தெரிந்த அம்மாவுக்குப் பத்துச் சத நாணயக் குற்றியளவு குங்குமம். தாலிக்கொடியைக் குளிக்கும்போதும் கழற்றாத அம்மா.

நீங்களே சொல்லுங்கள். கலியாணம் நடந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன்னால் செத்தவீடு நடந்திருக்கும் என்று எந்த யாழ்ப்பாணத்தான் நினைப்பான்? வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியாமல் வாசலில் வாழை கட்டுவோமா? மாப்பிள்ளையின் மூன்று கிழமை லீவு அதையும் பார்க்கவில்லை. அந்த மேளச் சத்தத்தில், அந்தப் பட்டுச் சீலைகளில், அம்மா எங்கேயோ உள்ளே வேலையாக நிற்பார் என்று நினைத்து, நான் பந்து போன பக்கமே போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கார்த்திகையில் சித்தப்பா திடீரென்று மச்சம், இறைச்சி சாப்பிடுவதை நிறுத்தினார். "கொலஸ்ட்ரோல் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார். ஒரு மாதம் சரியாக, செத்தவீட்டுத் துடக்கு நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் அந்த மாதம் போகவில்லை. ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்றார். கார்த்திகைக்குப் பிறகு வந்த அம்மாவின் கடிதங்கள் எல்லாம் வெறும் வயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடியிருக்கின்றன. ஒரே வாழைக்கு அப்பா மூன்று கடிதத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறார்.

எல்லாவற்றையும்விட ஒன்று. மாசி மாதம் என் தாளைப் புதுப்பிக்கப் பதினாறு பக்கப் படிவம் நிரப்பினேன். தகப்பன் உயிருடன் உள்ளாரா? ஆம், இல்லை, இரண்டு பெட்டி. நான் 'ஆம்' பெட்டியில் அடையாளம் போட்டேன். சித்தப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடிவாய்ப் போடு தம்பி," என்றார். "கோட்டுக்கு வெளியாலை போகுது."

5

மயூரி நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்தாள். பையைப் படியில் எறிந்துவிட்டு, "அண்ணா, நொட் அகெய்ன்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தைக் கண்டதும் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"ஐ டிடின்ட் டெல் யூ," என்றாள். "அண்ணா, ப்ளீஸ். அப்பாட்டை நான் சொல்லேல்லை எண்டு சொல்லுங்கோ."

"எப்ப?"

"நவம்பர்."

"என்ன நடந்தது?"

"ஹார்ட். நித்திரையிலை. ஷெல் ஒண்டும் இல்லை அண்ணா. ஜஸ்ற் நித்திரை."

"ஆர் ஆருக்குத் தெரியும்?"

"எவ்ரிபடி."

"சங்கத்து ஆக்களுக்கு?"

"ஓம்."

"கோயில் ஐயருக்கு?"

"ஓம்."

"டெரிக்குக்கு?"

ஏன் கேட்டேன் என்று தெரியாது. மயூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழத் தொடங்கினாள்.

"கொள்ளி வைச்சது ஆர்?" என்று கேட்டேன்.

"வட்ஸ் கொள்ளி?"

என் அப்பாவின் சிதைக்கு நெருப்பு வைப்பது என்றால் என்ன என்று நான் இங்கிலிஷில் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. மகன்தான் வைக்க வேண்டும், மகன் இல்லாவிட்டால் வேறு யாராவது, என்று பாடம் எடுப்பது போல. அவள் கவனமாகக் கேட்டாள். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"ஓ. தட் வாஸ் கண்ணன்."

கண்ணன் மாமாவின் மகன். பதின்மூன்று வயது. நான் வெளிக்கிடும்போது என் சைக்கிளில் அரைப் பெடல் பழகிக்கொண்டிருந்தவன். வீட்டில் நான் ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைக்க ஒருத்தன் பிறந்துவிட்டான் என்று நான் பிறந்தபோது அப்பா சர்க்கரைப் பொங்கல் பொங்கிக் கொடுத்தாராம். செய்வதற்கு இருந்தது அந்த ஒரு வேலைதான்.

"ஏன் சொல்லேல்லை?" கத்தினேன். "ஆறு மாசம்! ஆற்றை மூளை இது?"

"உங்கடை அம்மாதான் சொல்ல வேண்டாமெண்டு அப்பவே எழுதினவ. என்ரை அப்பா சொல்லத்தான் வேணும் எண்டவர். அவ கொழும்புக்கு வந்தவுடனை ஃபோனிலை கத்தினவ அண்ணா, எனக்கு மேலை கேட்டது. தெரிஞ்சால் அவன் வெளிக்கிட்டு வந்திடுவான், வந்தால் ஆரோ ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள், ஒரே வருசத்திலை ரெண்டு பேரையும் குடுக்க ஏலாது எண்டவ. ஆஃப்டர் எக்ஸாம்ஸ் சொல்லலாம் எண்டு பிறகு..." நிறுத்தினாள். "நீங்கள் இப்ப போகப்போறீங்களோ?"

மறுபடி பட்டனை அமத்தினேன். எனக்காகத்தான் அம்மாவை இப்படி மறைத்தார்கள், வீடியோ லண்டனுக்குப் போகும் என்று தெரிந்து மறைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது தரமோ ஒன்பதாவது தரமோ பெரியம்மாவின் கண்ணைக் கவனித்தேன். அவர் கமெராவைப் பார்க்கவே இல்லை. மணவறையைப் பார்க்கிறார். பொம்பிளை, மாப்பிள்ளை இருவரின் கண் போகக்கூடிய வழியில் நிற்கிறார். கமெராக்காரனும் அவர்கள் கண் போன பக்கமே திரும்பியதால்தான் கமெராவை மறைத்தது போல எனக்குத் தெரிந்தது. தாலி ஏறுகிற நேரம் புருசன் இல்லாதவள் கண்ணில் படக்கூடாது. எனக்காக யாரும் ஒன்றும் செய்யவில்லை. நான் என்று ஒருத்தன் இல்லாவிட்டாலும் அம்மா அந்தத் தூணோடுதான் நின்றிருப்பார். பெற்ற மகளின் கலியாணத்தில். யாரும் போகச் சொல்லாமல், தானாகவே போய்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. எத்தனை கலியாணவீட்டில் எத்தனை பேர் அப்படித் தூணோடு நின்றிருப்பார்கள். நான் பாயாசம் குடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சித்தப்பா வெள்ளவத்தைக்கு ஃபோன் எடுப்பார். அக்காவுக்கு விசா வரும்வரை அம்மா தங்கியிருக்கிற வாடகை அறைக்குக் கீழே ஒரு கடை, அந்தக் கடையில் ஃபோன். அந்த ஞாயிறு மட்டும் கத்த வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். இரண்டு நாளாக வசனம் சேர்த்து வைத்திருந்தேன். அதோடு டிக்கற் விலையும் விசாரித்து வைத்திருந்தேன். உங்களுக்கு மறைப்பானேன், போகத்தான் இருந்தேன். தாள், படிப்பு, எல்லாம் மண்ணாய்ப் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

சித்தப்பா ரிசீவரைத் தந்துவிட்டுக் குசினிக்குள் போகாமல் அங்கேயே நின்றார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் நிற்பார். ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

"ராசா, சாப்பிட்டியே?"

"ஓம். நீங்கள்?"

"இப்பதான். அங்கை குளிரோ?"

"இல்லை அம்மா, வெயில்."

"கொப்பர் ஆரிட்டையோ சொல்லிவிட்டவராம், உன்னைக் காதை மூடச் சொல்லி."

வசனம் எல்லாம் போய்விட்டது. வாயில் வந்தது வேறு.

"அம்மா, அக்கான்ரை கலியாணத்துக்கு நீங்கள் என்ன சீலை கட்டினீங்கள்?"

கடையில் யாரோ பாண் கேட்கிற சத்தம் கேட்டது.

"ஏன் மோனை கேக்கிறாய்?"

"சும்மா. வீடியோவிலை கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு."

"அந்த நாவல் கலர்ப் பட்டுத்தான். கொப்பர் கொழும்புக்குப் போகேக்கை வாங்கித் தந்தது. அவருக்கும் அதிலைதான் விருப்பம்." பேச்சு வேகமாக வந்தது. "வீடியோவிலை நான் விழேல்லையோ? சனமெல்லோ. வேலையும் தலைக்கு மேலை."

சித்தப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தபடி இருந்தது.

அம்மா எனக்குப் பொய் சொன்னதே இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர். பக்கத்து வீட்டில் தேங்காய் விழுந்தால் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். அந்த மனிசி ஆறு மாதம், முதலில் கடிதத்தில், தைக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் படியிறங்கி வந்து, கடைக்கார ஆட்களுக்கு முன்னால் நின்று, செத்துப்போன மனிசனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் போகாமல் இருப்பதற்காக. நான் அதைத் தெரிந்துகொண்டே கேள்வி கேட்கிறேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

"பெரியம்மா மறைச்சுப்போட்டா அம்மா," என்றேன். "எங்கை பார்த்தாலும் அவதான் நிக்கிறா."

அம்மா சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "அவள் எப்பவும் அப்பிடித்தான். முன்னுக்கு நிக்காட்டில் அவளுக்குச் சோறு இறங்காது." பிறகு குரல் தணிந்தது. "நீ சோதனையை எழுது ராசா. இஞ்சாலை வாற எண்ணம் ஒண்டும் வையாதை. என்ன?"

"வரேல்லை அம்மா."

"சத்தியமாய்?"

"சத்தியமாய்."

ரிசீவரை வைத்தேன். சித்தப்பா மூச்சு விட்டார். "என்ன சீலை விசாரணையடா?" என்று பகிடி மாதிரிக் கேட்டார். நான் மேலே போய்க் கொங்கிறீற் புத்தகத்தை விரித்தேன்.

7

ஐந்து பேப்பர். ஐந்தும் எழுதிவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள். இரண்டாவது பேப்பரில் ஒரு தூணுக்குக் கணக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிடம் பேனாவை வைத்துவிட்டு இருந்தேன். பிறகு போட்டேன்.

கடைசிப் பேப்பர் இன்று பன்னிரண்டரைக்கு முடிந்தது. வந்து கதவைத் திறந்தால் வாசலில் ஆறு சோடிச் சப்பாத்து. சித்தப்பாவுக்கு இன்றைக்கு ஷிப்ட், ஆனால் வீட்டில் நிற்கிறார். சங்கத்துத் தலைவர் நிற்கிறார். ஐயர் சேட்டும் ஜக்கெற்றும் போட்டுக்கொண்டு சோபா நுனியில் இருக்கிறார். குசினியில் ஒரு சத்தமும் இல்லை. "சோதனை எப்பிடித் தம்பி?" என்று தலைவர் கேட்டார். "பரவாயில்லை," என்றேன். "களைச்சுப் போனாய். மேலை போய் முகத்தைக் கழுவு," என்றார் சித்தி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே வந்து இதை அடிக்கத் தொடங்கினேன். இவ்வளவும் ஒரே மூச்சில்.

நடுவில் மயூரி வந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தாள்.

"ஆர் யூ கோயிங் டு பிரிட்டெண்ட்?"

"தெரியாது."

"அப்பா காலையிலை பாத்ரூமிலை பிராக்டிஸ் பண்ணினவர். நான் கேட்டனான்."

"என்னெண்டு?"

"தம்பி, மனதைத் திடமாய் வைச்சுக்கொள். அதோடை நிக்குது. திருப்பித் திருப்பி அதையே சொன்னவர். நெக்ஸ்ட் லைன் வரேல்லை."

போய்விட்டாள்.

எனக்குத் தெரியும் என்று சொன்னால் எப்போதிருந்து என்று கேட்பார்கள். இன்றைக்குப் பின்னேரமே அம்மாவுக்குப் போய்ச் சேரும். அம்மா எண்ணிப் பார்ப்பார். ஐந்து ஞாயிறு. நாவல் கலர்ப் பட்டு. நான் தூணைக் கண்டுவிட்டுத்தான் கேட்டேன் என்று விளங்கிவிடும். என்னிடம் மறைத்த சாவைவிட, தான் நின்ற இடத்தை மகன் கண்டுவிட்டான் என்பதுதான் அம்மாவைக் கொல்லும். ஆகவே நான் கீழே போய், இப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரி இடிந்துபோக வேண்டும். அதில் நடிக்க ஒன்றும் இல்லை. ஐந்து கிழமையாக நான் அழவில்லை. அழுதால் யாருக்காவது விளங்கிவிடும் என்று அழவில்லை. இன்றைக்கு அழலாம்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புவேனா தெரியாது. அம்மாவும் வாசிக்கிறவர்தான்.

படியில் சத்தம். ஒரு ஆள்தான். பாதியில் நின்று, பிறகு ஏறுகிறார்.

சித்தப்பா கதவுக்கு வெளியே நிற்கிறார். இன்னும் தட்டவில்லை.